வாட்ஸ்அப்பில் வந்தது உண்மையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பக் குழு, அபார்ட்மென்ட் குழு, பள்ளிப் பெற்றோர் குழு என்று நாள் முழுக்க வந்து விழும் செய்திகளை எப்படிச் சோதிப்பது என்பதற்கான பக்கம் இது. வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. நாளைக்குப் பள்ளி உண்டா இல்லையா என்பதுதான் இப்போது கவலை என்றால் நேரே நான்காம் கேள்விக்குப் போய்விடுங்கள்.

1. ஒரு செய்தி வந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

எங்கிருந்து கிளம்பியது என்பதை. உண்மையா பொய்யா என்ற யோசனை அதற்கு அப்புறம். பெரும்பாலோர் செய்தியைப் படித்ததும் 'இப்படி நடக்குமா, நடக்காதா?' என்று மனத்துக்குள் வழக்காடத் தொடங்கிவிடுகிறோம். நமக்குப் பிடிக்காத கட்சி செய்ததாக வந்தால் 'நடக்கும்' என்று தீர்ப்பு, பிடித்த கட்சி என்றால் 'இருக்காது' என்று தீர்ப்பு. இதில் செய்தியைப் பற்றி ஒன்றும் தெரியவராது, நம்மைப் பற்றித்தான் தெரியவரும்.

தகவல் தொடர்பியலில் ஹெரால்ட் லாஸ்வெல் 1948இல் எழுதிய வாய்பாடு இன்னும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது: யார், என்ன, எந்த வழியாக, யாரிடம் சொல்கிறார், விளைவு என்ன? ஃபார்வர்டில் 'என்ன' மட்டும் முழுசாக வந்து சேர்கிறது. 'யார்' வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. "மாமா அனுப்பினார்" என்றால் அது தபால்காரர் பெயர், கடிதம் எழுதியவர் பெயர் வேறு. அந்தப் பெயர் கிடைக்கும்வரை செய்தி உங்கள் போனிலேயே இருக்கட்டும்.

2. செய்தியின் மொழிநடையிலிருந்து ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?

நிறைய. தமிழில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது: 'ஆம்' விகுதி. "பாலம் இடிந்தது" என்றால் சொல்பவர் பொறுப்பேற்கிறார். "பாலம் இடிந்ததாம்" என்றால் கேள்விப்பட்டதைச் சொல்கிறார். முதல் ஆள் 'இடிந்ததாம்' என்று எழுதுவார். மூன்றாவது ஆள் தட்டச்சு செய்யும்போது அந்த 'ஆம்' காணாமல் போயிருக்கும். வதந்தி என்பது பெரும்பாலும் இந்த ஒரு விகுதி உதிர்ந்த கதைதான்.

செய்தித்தாளிலும் வினைச்சொல்லைக் கவனியுங்கள். 'தெரிவித்தார்', 'கூறினார்' என்று முடிந்தால் மேலே யாரோ ஒருவர் பெயர் இருக்க வேண்டும். 'குற்றம்சாட்டினார்' என்றால் அது ஒரு தரப்பின் பேச்சு, நிரூபணமானதல்ல. 'எனக் கூறப்படுகிறது', 'எனத் தெரிகிறது', 'வட்டாரங்கள் தெரிவித்தன' என்பவை நிருபர் தனக்கே உறுதியில்லை என்று மரியாதையாகச் சொல்லும் முறை. செய்தியின் உடலில் 'கூறப்படுகிறது' என்றிருப்பது தலைப்பில் சாதாரணமாகவே 'நடந்தது' ஆகிவிடும். எனவே தலைப்பை மட்டும் படித்துவிட்டு அனுப்புவது பாதியைப் படித்ததாகக்கூட ஆகாது. தலைப்பின் கடைசியில் கேள்விக்குறி இருந்தால், ஆசிரியர் குழுவிடம் உறுதியான பதில் இல்லை என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

3. ஃபார்வர்டு செய்திக்கு மேலே இருக்கும் அம்புக்குறிகளுக்கு என்ன பொருள்?

ஒற்றை அம்பு என்றால் அனுப்பியவர் தானே எழுதவில்லை, வேறோர் இடத்திலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார். இரட்டை அம்பு என்றால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. இரட்டை அம்பு விழுந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும். 2018இல் இந்தியாவில் ஃபார்வர்டு எண்ணிக்கையை ஐந்தாகக் குறைத்த வாட்ஸ்அப், 2020 ஏப்ரலில் இந்தக் கட்டுப்பாட்டையும் கொண்டுவந்தது.

அம்பு இல்லாவிட்டால் நம்பலாமா என்றால், கூடாது. எழுத்தை நகலெடுத்து ஒட்டினாலும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலும் அம்பு மறைந்துவிடும்.

4. 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்று டிவி லோகோவுடன் கார்டு வந்திருக்கிறது. நம்பலாமா?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதிகம் வரும் கேள்வி. ஒரு கார்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்போம். மேலே சேனல் லோகோ, நடுவில் பெரிய எழுத்தில் மாவட்டங்களின் பெயர், கீழே 'நாளை விடுமுறை'.

முதலில் தேதி. 'நாளை', 'இன்று' என்று மட்டும் இருந்து நாள், மாதம், ஆண்டு இல்லையென்றால் அது போன வருஷத்துக் கார்டாக இருக்கலாம். கார்டு உண்மையாகவே அந்தச் சேனல் வெளியிட்டதுதான், ஆனால் நாள் போய்விட்டது. போலிக் கார்டைவிட இந்த வகை நம்மை எளிதில் ஏமாற்றும், ஏனென்றால் எழுத்துரு, நிறம், லோகோ எல்லாம் சரியாகவே இருக்கும்.

அடுத்து, அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு? மழை விடுமுறையை வழக்கமாக அந்தந்த மாவட்ட ஆட்சியர் அறிவிக்கிறார். சேனல் அதைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆட்சியரின் அதிகாரப்பூர்வ எக்ஸ், முகநூல் பக்கங்களுக்கோ மாவட்ட மக்கள் தொடர்பு அலுவலரின் செய்திக்குறிப்புக்கோ போங்கள். பள்ளிக்கு மட்டுமா, கல்லூரிக்கும் சேர்த்தா என்பதும் அங்கேதான் தெளிவாக இருக்கும். அறிவிப்பு இரவு வெகுநேரம் கழித்தோ விடிகாலையிலோ வருவதுண்டு. மாலை நான்கு மணிக்கே பத்து மாவட்டப் பட்டியலோடு ஒரு கார்டு வந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

மூன்றாவதாக, அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் அதே கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துப்பிழை, ஒற்று விடுபட்டது, எழுத்துரு கோணல் என்பவற்றைச் சந்தேகத்துக்கு இடமாக வைத்துக்கொள்ளலாம், சான்றாக வைத்துக்கொள்ள முடியாது. அசல் சேனல்களே ஒற்றைத் தின்றுவிடுகின்றன.

இன்னொன்று: 'ரெட் அலர்ட்' என்றால் விடுமுறை என்று பொருளில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நிறங்கள் நிர்வாகத்துக்கான சமிக்ஞை. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை, மஞ்சள் கவனித்து வரச் சொல்கிறது, ஆரஞ்சு தயாராக இருக்கச் சொல்கிறது, சிவப்பு நடவடிக்கையில் இறங்கச் சொல்கிறது. மழை அளவிலும் சொற்களுக்குத் திட்டவட்டமான பொருள் உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை கனமழை, 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. 'வரலாறு காணாத மழை' என்று எந்த அளவும் இல்லாமல் வரும் செய்தியில் மில்லிமீட்டரைத் தேடுங்கள்.

5. அரசாணை என்று ஒரு பிடிஎஃப் வருகிறது. அசலா என்று எப்படிப் பார்ப்பது?

தமிழில் வெளிவரும் தமிழ்நாடு அரசாணைக்கு ஓர் அமைப்பு உண்டு. மேலே 'சுருக்கம்' என்ற தலைப்பில் பொருள். அதன் கீழே துறையின் பெயர், 'அரசாணை (நிலை) எண்' போன்ற எண், நாள், கூடவே திருவள்ளுவர் ஆண்டு, தமிழ் ஆண்டு, தமிழ் மாதத் தேதி. பிறகு 'படிக்கப்பட்டவை', 'ஆணை', முடிவில் ஆளுநரின் ஆணைப்படி என்ற குறிப்பு, செயலாளர் பெயர், 'பெறுநர்' பட்டியல்.

போலி செய்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் அந்தத் தேதி வரி. உதாரணமாக 12.12.2024 என்று நாள் இருந்தால் அதனுடன் திருவள்ளுவர் ஆண்டு 2055, குரோதி, கார்த்திகை 27 என்று வர வேண்டும். தை முதல் நாளிலிருந்து ஆங்கில ஆண்டுடன் 31ஐக் கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டு கிடைக்கும். ஜனவரி முதல் தேதியிலிருந்து பொங்கலுக்கு முந்தைய நாள் வரை மட்டும் 30ஐக் கூட்ட வேண்டும். பழைய ஆணையில் ஆங்கிலத் தேதியை மட்டும் மாற்றிச் சுற்றுக்கு விட்டவர் இந்த வரியை மறந்திருப்பார். தினசரிக் காலண்டரைப் பார்த்தால் அரை நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

தேதி பொருந்திவிட்டால் அசல் என்று முடிவுகட்ட வேண்டாம். எண்ணையும் துறையையும் வைத்து அரசின் இணையதளத்தில் தேடுங்கள். முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கு அப்புறம் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னாலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். அங்கே முன்னால் உள்ள புள்ளியோடு சேர்த்து 'டாட் ஜிஓவி டாட் இன்' அல்லது 'டாட் என்ஐசி டாட் இன்' என்று முடிந்தால் அரசுத் தளம். 'ஜிஓவி' நடுவில் எங்கேயோ இருந்து கடைசியில் 'டாட் காம்', 'டாட் ஷாப்' என்று முடிந்தால் யாரோ காசு கொடுத்து வாங்கிய முகவரி. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஆதார் எண், ஓடிபி கேட்கும் போலிப் பக்கங்கள் பலவும் இந்த வகைதான்.

6. படத்தையும் வீடியோவையும் எப்படிச் சோதிப்பது?

படமே பொய்யாக இருக்க வேண்டும் என்றில்லை. உண்மையான படம், வேறு ஊர், வேறு வருஷம், புதுத் தலைப்பு: நாம் பார்ப்பதில் பெரும்பங்கு இதுதான். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2018 சாட்சி. குழந்தையை மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் தூக்கிப்போகும் ஒரு வீடியோ அப்போது இந்தியா முழுக்கச் சுற்றியது. பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. குழந்தையைத் திருப்பி இறக்கிவிட்டு எச்சரிக்கைப் பலகையைக் காட்டும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வடதமிழக மாவட்டங்களில் குரல்பதிவுகளும் படங்களும் பறந்துகொண்டிருந்த அந்த மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த குடும்பம், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகக் கூட்டத்திடம் சிக்கியது. ஒரு மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார்.

சோதிக்கும் முறை இது. வீடியோவை முதலில் ஒலி இல்லாமல் பாருங்கள். பிறகு திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். மேலே ஒட்டிய குரல்தான் பல நேரம் கதையைச் சொல்கிறது, காட்சி அதைச் சொல்வதில்லை. கடைப் பலகை, வண்டி எண் பலகையின் முதல் இரண்டு எழுத்து, பேருந்தின் நிறம், போலீஸ் சீருடை, பேசும் மொழி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பலகை எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருந்தால், பழைய வீடியோவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்து, இடம் விரிவாகத் தெரியும் மூன்று நான்கு கட்டங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் எழுத்து, எமோஜி, லோகோ எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் கொடுங்கள். வெட்டாமல் கொடுத்தால் தேடுபொறி அந்த எழுத்தையே பிடித்துக்கொண்டு அதே வதந்தியை உங்களிடம் திருப்பிக் கொண்டுவரும். கிடைக்காவிட்டால் இதேபோல் படத்தை வைத்துத் தேடும் யாண்டெக்ஸ், டின்ஐ தளங்கள் இரண்டிலும் பாருங்கள். டின்ஐயில் 'மிகப் பழையது முதலில்' என்று வரிசைப்படுத்தலாம். கணினி இருந்தால் இன்விட் என்ற உலாவி நீட்சி வீடியோவிலிருந்து கட்டங்களைத் தானே பிரித்துக் கொடுக்கும்.

முடிவுகளில் முதலில் வருவதைப் படிக்காதீர்கள், தேதியில் மூத்ததைப் படியுங்கள். சம்பவம் நேற்று நடந்ததாகச் சொல்கிறார்கள், படம் மூன்று வருஷத்துக்கு முன்பே இணையத்தில் இருக்கிறது என்றால் வேலை முடிந்தது. எதுவும் கிடைக்கவில்லை என்றால் 'உண்மை' என்று ஆகிவிடாது. இன்னும் தெரியவில்லை, அவ்வளவே.

படத்துக்குள் எடுத்த தேதியும் இடமும் பதிந்திருக்குமே என்பார்கள். சாதாரணமாக அனுப்பும் படத்திலிருந்து வாட்ஸ்அப் அவற்றை நீக்கிவிடுகிறது. எடுத்தவரே உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது அப்படியே வரும்.

7. ஏஐ செய்த படம், குரல் என்றால்?

விரல் ஆறு இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருந்த காலம் போய்க்கொண்டிருக்கிறது. பின்னணியில் இருக்கும் தமிழ்ப் பலகைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். தமிழ் எழுத்துபோல் தோன்றும், படித்தால் எழுத்தே இருக்காது. இதுவும் நாளை சரியாகிவிடும். 'ஏஐயா' என்று சொல்லும் கருவிகள் அசலைப் போலி என்றும் போலியை அசல் என்றும் சொல்கின்றன, அவற்றை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். இங்கேயும் ஊற்றைத் தேடுவதுதான் வழி: அந்தத் தலைவர் அந்தக் கூட்டத்தில் பேசியிருந்தால் வேறு கேமராக்களிலும் பதிவாகியிருக்கும்.

மகன் குரலில் "அவசரமாகப் பணம் அனுப்புங்கள்" என்று புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், வைத்துவிட்டு அவனுடைய பழைய எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ அழைப்பில் மிரட்டினாலும் வைத்துவிடலாம், அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் அழைத்தால்தான் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

8. ஸ்கிரீன்ஷாட் ஆதாரம் ஆகாதா? நீல டிக்கும் இருக்கிறதே?

ஆகாது. கணினி உலாவியில் எந்தப் பக்கத்தின் எழுத்தையும் உங்கள் திரையில் மட்டும் மாற்றிவிட்டுப் படம் எடுக்கலாம். ஃபோட்டோஷாப் தேவையில்லை, பத்து விநாடி போதும். பதிவின் இணைப்பைக் கேளுங்கள். நீக்கிவிட்டார்கள் என்றால், இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்த முகவரியைக் கொடுத்துப் பாருங்கள், சில நேரம் சேமிப்பில் இருக்கும். எக்ஸ் தளத்தின் நீல டிக் 2023இலிருந்து சந்தா கட்டுபவருக்குக் கிடைப்பது. அரசு அமைப்புகளுக்குச் சாம்பல் நிற டிக்.

9. எந்தப் பத்திரிகையை, எந்தச் சேனலை நம்புவது?

ஒன்றை மட்டும் என்றால் எதையும் வேண்டாம். தமிழ்நாட்டில் கட்சியும் சேனலும் நெருங்கிய உறவு. கலைஞர் டிவி, ஜெயா டிவி, கேப்டன் டிவி என்று பெயரிலேயே சொல்லிவிடுபவர்கள் ஒருவிதத்தில் நேர்மையானவர்கள். ஒரே நிகழ்ச்சியை எதிரெதிர் அணியின் இரண்டு சேனல்களில் பார்த்து, இரண்டிலும் பொதுவாக இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எதை யார் சொல்லாமல் விட்டார்கள் என்பதும் ஒரு செய்திதான்.

செய்தித்தாளில் 'அச்சிட்டு வெளியிடுபவர்' என்று பொடி எழுத்தில் பெயரும் முகவரியும் இருக்கும். சட்டப்படி போட வேண்டிய வரி அது. செய்தி இணையதளத்தில் இதற்கு நிகராக 'எங்களைப் பற்றி' பக்கம் இருக்க வேண்டும். பெயரும் இல்லை, முகவரியும் இல்லை என்றால் தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பீர்கள்?

செய்திபோல் வடிவமைத்த விளம்பரங்களும் உண்டு. மூலையில் சின்னதாக 'விளம்பரம்' அல்லது 'அட்வர்டோரியல்' என்று இருக்கும், எழுத்துரு மற்றச் செய்திகளிலிருந்து சற்று மாறியிருக்கும். புது கல்லூரி, புது மனைப்பிரிவு, புது நகைக்கடை பற்றி ஒரு குறைகூட இல்லாத முழுப்பக்கக் கட்டுரை வந்தால் அந்த மூலையைத் தேடுங்கள்.

10. எண்களில் எப்படி ஏமாறுகிறோம்?

'இரண்டு மடங்கு உயர்வு' என்றால் எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். 2 பேர் 4 ஆனாலும் இரு மடங்குதான், 2,000 பேர் 4,000 ஆனாலும் இரு மடங்குதான். தேர்தல் கருத்துக்கணிப்பில் 1,000 பேரை முறையாகத் தேர்ந்து கேட்டால்கூட ஏறக்குறைய 3 சதவீதப் புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகலாம். 41க்கு 39 என்று வந்ததை 'முந்துகிறார்' என்று தலைப்பிடுவது வியாபாரம். வரைபடத்தில் செங்குத்துக் கோடு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்றும் பாருங்கள். 90இல் தொடங்கினால் 92க்கும் 96க்கும் இடையே மலைபோல் வித்தியாசம் தெரியும்.

11. சர்க்கரை நோய் முழுதாகக் குணமாகும் என்று ஒரு மருந்து விளம்பரம்...

அந்த விளம்பரமே சட்டவிரோதம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட பட்டியலிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. சித்தமா அலோபதியா என்ற சண்டைக்கே போக வேண்டியதில்லை.

12. தமிழில் யார் சரிபார்த்துத் தருகிறார்கள்?

யூடர்ன், ஃபேக்ட் கிரெசெண்டோ தமிழ், நியூஸ்மீட்டர் தமிழ், நியூஸ்செக்கர் தமிழ் ஆகியவை தொடர்ந்து எழுதுகின்றன. தமிழ்நாடு அரசுக்குத் தகவல் சரிபார்ப்பகம், ஒன்றிய அரசுக்குப் பிஐபி (பத்திரிகைத் தகவல் அலுவலகம்) ஃபேக்ட் செக் உண்டு. அரசு தன் திட்டத்தைப் பற்றி வந்தது பொய் என்று மறுத்தால் அது பயனுள்ள தகவல். ஆனால் அரசின் மீதான விமர்சனத்தை அரசே 'பொய்' என்று முத்திரை குத்தினால் இன்னொரு தரப்பையும் படியுங்கள். எங்கிருந்து எடுத்தோம் என்று இணைப்புகளோடு காட்டும் கட்டுரைதான் சரிபார்ப்பு. வெறும் சிவப்பு முத்திரைக்கு அந்த மதிப்பு கிடையாது.

13. ஃபார்வர்டு செய்ததற்காக வழக்கு வருமா?

வரலாம். பொதுமக்களிடையே அச்சத்தையோ பகையையோ மூட்டும் பொய்த் தகவலை அந்த நோக்கத்துடன் பரப்புவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 353ஆம் பிரிவில் வருகிறது, மூன்று ஆண்டு வரை சிறை. உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, கெட்ட நோக்கமில்லாமல் சொன்னால் விலக்கு உண்டு. வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் சுற்றியபோது, பரப்பியவர்கள் மீது தமிழ்நாடு காவல்துறை வழக்குப் போட்டது.

உறுப்பினர் ஒருவர் போட்டதற்குக் குழு அட்மின் பொறுப்பா? அட்மினாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்றால் அவர் பெயரை வழக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது.

14. பெரியவர்கள் அனுப்பினால் எப்படிச் சொல்வது?

குழுவில் எல்லார் முன்னாலும் வேண்டாம். பெரியப்பாவுக்குத் தவறு என்பதைவிட மானம் பெரிதாகிவிடும், பிடித்த பிடியை விடமாட்டார். தனியாக எழுதுங்கள்: "பெரியப்பா, நீங்க அனுப்பின வெள்ளப் படம் பழசாம், 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தப்போ எடுத்தது. இணைப்பு கீழே இருக்கு, பாருங்க. குரூப்ல நீங்களே சொல்லிட்டா நல்லா இருக்கும்." கடைசி வாக்கியம் முக்கியம், திருத்தும் வேலையை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறது. செய்தி ஆபத்தானது, அடிதடியில் முடியக்கூடியது என்றால் மட்டும் மரியாதை பார்த்துக் காத்திருக்காமல் குழுவிலேயே உடனே சொல்லிவிடுங்கள்.

15. நானே தவறாக அனுப்பிவிட்டேன். இப்போது?

அனுப்பி இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை 'அனைவருக்கும் நீக்கு' வேலை செய்யும். நீக்குவதற்கு முன் எந்தெந்தக் குழுவுக்குப் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் திருத்தமும் அதே இடங்களுக்குப் போக வேண்டும். நீக்கினால் மட்டும் போதாது, படித்தவர் மனத்தில் அது இருக்கிறது, அவர் ஏற்கெனவே நாலு பேருக்கு அனுப்பியும் இருப்பார்.

திருத்தத்தைச் சரியான தகவலில் தொடங்குங்கள்: "நாளை பள்ளி உண்டு. காலையில் நான் அனுப்பிய கார்டு சென்ற ஆண்டுடையது. ஆட்சியர் அலுவலக அறிவிப்பு இணைப்பு கீழே." பழைய கார்டைத் திரும்ப இணைக்க வேண்டுமென்றால், அதன் நடுவில் குறுக்கே 'தவறு' என்று சிவப்பில் பெரிதாக எழுதிய பிறகு அனுப்புங்கள். ஓரத்தில் எழுதினால் யாராவது வெட்டிவிட்டு மறுபடியும் அனுப்புவார்கள்.